‘எல்லாம் நார்மல்’ என்று சொன்ன பிறகு: மருத்துவ மாணவர்களுக்கு உளவுடல் மருத்துவத்தைக் கற்பித்தல்

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி என அனைத்தும் முடிந்து, “ரிப்போர்ட் எல்லாம் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை” என்று அனுப்பப்பட்ட பிறகும் அதே வயிற்று வலியோடு அடுத்த மருத்துவரைத் தேடிப் போகிறவர்கள் எந்த மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவிலும் இருக்கிறார்கள். இவர்களை எப்படிப் புரிந்துகொள்வது, எப்படி நடத்துவது என்பதை மருத்துவ மாணவர்களுக்குக் கற்றுத்தர முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதில் இரண்டு கருத்துகள் அடங்கியுள்ளன. ஒன்று உளவுடல் மருத்துவம், அதாவது சைக்கோசொமாட்டிக் மெடிசின். மற்றொன்று, மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்னும் கருத்து. முதலாவதை ஓரளவுக்கு வகுப்பறையிலேயே நடத்திவிடலாம். இரண்டாவது அப்படி வசப்படுவதில்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிட வேண்டும். ‘சைக்கோசொமாட்டிக்’ என்ற சொல் பேச்சு வழக்கில் ‘மனப்பிரமை’ என்பதற்கான நாகரிகப் பெயராகவே புழங்குகிறது; சில மருத்துவர்களும் அந்தப் பொருளிலேயே அதைப் பயன்படுத்துகிறார்கள். இந்தத் துறையும் தன் தொடக்க காலத்தில் இதற்குச் சற்று இடம் கொடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிகாகோவில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர், இரைப்பைப் புண், ஆஸ்துமா, உயர் ரத்த அழுத்தம், முடக்குவாதம், பெருங்குடல் புண், தைராய்டு மிகைச் சுரப்பு, தோல் அழற்சி ஆகிய 7 நோய்களைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் குறிப்பிட்ட வகை மனப்போராட்டம் இருப்பதாக விளக்க முயன்றார். பின்னர் 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பைப் புண்ணுக்கு ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவே முக்கியக் காரணம் என்று காட்டினார்கள். 2005இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்கள். ஆகவே, உடல் நோய்கள், மன நோய்கள், இரண்டுக்கும் நடுவே மனத்தால் வரும் உடல் நோய்கள் என்று மூன்று பெட்டிகளாகப் பிரிப்பது நிற்காது. இன்றைய உளவுடல் மருத்துவம் எந்த நோயையும் ‘மனத்தால் வந்தது’ என்று முத்திரை குத்துவதில்லை. காசநோயானாலும் மாரடைப்பானாலும், அந்த நோய் எப்போது தலைகாட்டுகிறது, எவ்வளவு துன்புறுத்துகிறது, நோயாளி எப்போது மருத்துவரிடம் வருகிறார், மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுகிறாரா என்பவற்றில் உடலும் மனமும் வாழ்க்கைச் சூழலும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பதுதான் அதன் நிலைப்பாடு. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் எங்கல் 1977இல் ‘சயின்ஸ்’ இதழில் இதை உயிர்-உள-சமூக மாதிரி என்று முன்வைத்தார். உலகெங்கும் மருத்துவப் பாடநூல்களில் இன்று இடம்பெறுவது அதுவே.

இதைக் கேட்கும் மாணவர் “சரி, ஆனால் மனம் உடலை எந்த வழியாகத் தொடுகிறது?” என்று கேட்பார், கேட்கவும் வேண்டும். அதற்கு 1998இல் வெளியான ஓர் ஆய்வைப் போல நேரடியாகப் பதில் சொல்வது வேறில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 11 பல் மருத்துவ மாணவர்களின் மேல் அண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு காயத்தை இருமுறை உண்டாக்கினார்கள்: கோடை விடுமுறையின்போது ஒரு பக்கத்தில், முக்கியத் தேர்வுக்கு மூன்று நாட்களுக்கு முன்பு மறு பக்கத்தில். அதே ஆட்கள், அதே அளவுக் காயம், அதே வாய். தேர்வு நேரத்துக் காயம் ஆறுவதற்குச் சராசரியாக மூன்று நாட்கள் கூடுதலாக, அதாவது 40 சதவீதம் அதிக நேரம் பிடித்தது. மன அழுத்தத்தின்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியையும், அது அட்ரினல் சுரப்பியையும் தூண்ட, கார்டிசால் என்ற ஹார்மோன் அதிகரிக்கிறது. காயத்தை ஆற்றும் அழற்சியின் முதற்கட்டத்தை அது தணித்துவிடுகிறது. இந்த ஆய்வைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் வகுப்பில் சொன்னால், உளவுடல் மருத்துவம் யாரோ சிலருக்கு உரியது என்ற எண்ணம் மாணவர்களிடம் நிலைப்பது கடினம். இதயத்திலும் இத்தகைய ஒன்று உண்டு. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த டாகோட்சுபோ என்ற நிலையில், நெருங்கியவரின் மரணம் போன்ற கடும் அதிர்ச்சிக்குப் பிறகு இதயத்தின் இடக் கீழறை உப்பிச் செயலிழக்கிறது. ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் மாரடைப்பு போலவே காட்டும். ஆஞ்சியோகிராம் செய்து பார்த்தால் அதற்குக் காரணமான ரத்தக்குழாய் அடைப்பு எதுவும் இருக்காது.

உறவு சிகிச்சையாவதும் இதைப் போலவே அளந்து பார்க்கப்பட்ட ஒன்றுதான். பரிசோதனைகளில் எதுவும் தெரியாமலே வயிற்று வலியும் மலம் கழிப்பதில் தொல்லையும் தரும், எரிச்சலுடைய குடல் நோய் என்று நாம் சொல்லும் ஐபிஎஸ் உள்ள 262 பேரை வைத்து பாஸ்டனில் டெட் காப்சக் குழுவினர் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. ஒரு பிரிவினர் எந்தச் சிகிச்சையும் இன்றிக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தார்கள். இரண்டாம் பிரிவினருக்குத் தோலைத் துளைக்காத போலி அக்குபஞ்சர் ஊசி வைக்கப்பட்டது. வைத்தவர் அதிகம் பேசவில்லை, முதல் சந்திப்பும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தது. மூன்றாம் பிரிவினருக்கும் அதே போலி ஊசிதான். ஆனால் முதல் சந்திப்பு 45 நிமிடம் நீடித்தது. நோய் அவர்களுடைய வேலையையும் குடும்பத்தையும் எப்படிப் பாதிக்கிறது, அதற்கு என்ன காரணம் என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்றெல்லாம் பரிவோடு கேட்டார்கள். சிந்தனையோடு 20 நொடி மௌனமாக இருப்பதுகூட நெறிமுறையில் எழுதப்பட்டிருந்தது. மூன்று வாரங்களுக்குப் பிறகு போதுமான நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் முறையே 28, 44, 62 சதவீதம். இரண்டாம் பிரிவுக்கும் மூன்றாம் பிரிவுக்கும் இடையிலான 18 புள்ளி வேறுபாட்டுக்கு எந்த மருந்தும் காரணமில்லை. இதிலிருந்து உறவு எல்லாவற்றையும் குணப்படுத்தும் என்று முடிவு கட்டக் கூடாது. இது நோயாளிகளின் சொந்த மதிப்பீட்டை அளந்த, மூன்று வார அளவிலான ஆய்வு. ஆனால் ஐபிஎஸ் போன்ற நோய்களில் நோயாளியின் சொந்த மதிப்பீடுதானே நோயின் அளவுகோல்?

உறவுக்கு இவ்வளவு ஆற்றல் இருந்தால் அதை எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது, அதன் பக்கவிளைவுகள் என்ன என்று கேட்டவர் மைக்கேல் பாலிண்ட். 1896இல் புடாபெஸ்டில் ஒரு பொது மருத்துவரின் மகனாகப் பிறந்த இவர், அங்கேயே சாண்டோர் ஃபெரன்சியிடம் உளப்பகுப்பாய்வு பயின்று, 1939இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கு 1948இல் தேசிய மருத்துவச் சேவை தொடங்கியிருந்தது. குடும்ப மருத்துவர்களின் அறைகளில் கூட்டம் நிரம்பி வழிந்தது. வந்தவர்களில் கணிசமானோரின் தொல்லைகள் பாடநூல் நோய்கள் எதிலும் அடங்கவில்லை. 1950 வாக்கில் லண்டனின் டாவிஸ்டாக் கிளினிக்கில் பாலிண்ட் ஒரு சிறு குழுவாகக் குடும்ப மருத்துவர்களை வாரந்தோறும் கூட்டத் தொடங்கினார். சமூகப் பணியாளர்களுடன் இதே போன்ற குழுக்களை ஏற்கெனவே நடத்திவந்த ஈனிட், பின்னாளில் அவருடைய மனைவி, இந்த முறையை வடிவமைப்பதில் சம பங்கு வகித்தவர். அவர் பெயர் பெரும்பாலும் விட்டுப்போவது நியாயமில்லை. இக்குழுக்களின் அனுபவத்தைப் பாலிண்ட் 1957இல் நூலாக வெளியிட்டார். பொது மருத்துவத்தில் மிக அதிகமாகப் பயன்படுத்தப்படும் மருந்து மருத்துவரேதான், ஆனால் அந்த மருந்தைப் பற்றிய மருந்தியல் எதுவும் எழுதப்படவில்லை என்பது அதன் மையக் கருத்து.

பாலிண்ட் குழு எப்படி நடக்கும் என்பதை ஒரு கற்பனைக் காட்சியாகவே சொல்லிவிடலாம். மாணவர்கள் எட்டுப் பத்துப் பேர் வட்டமாக அமர்ந்திருக்கிறார்கள். கேஸ் ஷீட் எதுவும் கையில் இல்லை. “யாருக்கு ஒரு நோயாளி நினைவில் நிற்கிறார்?” என்று நடத்துநர் கேட்கிறார். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி பேசத் தொடங்குகிறாள். மருத்துவ வார்டில் நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண், நெடுநாள் வயிற்று வலி. துணிக்கடைப் பை ஒன்றில் இரண்டு வருட ஸ்கேன் படங்களை வைத்துக்கொண்டு, யார் வந்தாலும் அதைக் கட்டில்மேல் பரப்பிவிடுகிறார். எல்லாப் பரிசோதனையும் நார்மல். மாணவி தினமும் போய் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறாள். இப்போது அந்தக் கட்டிலைத் தாண்டிப் போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடக்கிறாள். “எரிச்சலாக வருகிறது, அதற்காக வெட்கமாகவும் இருக்கிறது” என்று முடிக்கிறாள். தகவல் சார்ந்த ஓரிரு கேள்விகளுக்குப் பிறகு அவள் தன் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொள்கிறாள். இனி அவள் பேசக் கூடாது, கேட்கலாம். மற்றவர்கள் அந்த நோயாளியை யோசிக்கிறார்கள். ஒருவனுக்கு அவரை நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது. இன்னொருத்திக்கு, ரவுண்ட்ஸில் அவர் கட்டில் முன்னால் நிற்காமலே போகும் பெரிய மருத்துவர்மீது கோபம். ‘அந்தப் பையை அவர் யாரிடம் கொடுக்க விரும்புகிறார்?’ என்று மற்றொருவன் கேட்கிறான். யாரும் நோயறிதல் சொல்வதில்லை, அறிவுரையும் சொல்வதில்லை. அப்படிச் சொல்லத் தொடங்கினால் நடத்துநர் பேச்சை மெல்ல நோயாளியிடமே திருப்புகிறார். இருபது நிமிடம் கழித்து மாணவி வட்டத்துக்குள் திரும்பும்போது, தான் சொல்லாமல் விட்ட ஒன்று அவளுக்கு நினைவுக்கு வருகிறது. முதல் நாளே அந்தப் பெண், “எங்க அக்காவுக்கும் இப்படித்தாம்மா மொதல்ல ஆரம்பிச்சுது” என்று சொல்லியிருந்தார். மாணவியோ அப்போது வலி முதுகுக்குப் பரவுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேஸ் ஷீட்டில் ‘குடும்ப வரலாறு: குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை’ என்று அவள் கையெழுத்திலேயே இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, மாணவியின் எரிச்சல் தவறாகக் கருதப்படவில்லை என்பதுதான். ஒரு நோயாளி நம்மிடம் எழுப்பும் உணர்ச்சி, அந்த நோயாளியைப் பற்றிய ஒரு தகவலும்கூட. அவர் மற்றவர்களிடமும் அதையே எழுப்புகிறாரா, அல்லது நம் சொந்த வாழ்க்கையில் எதையோ தொட்டுவிட்டாரா என்று பிரித்துப் பார்க்கக் கற்பதுதான் குழுவின் வேலை. ஆனால் அது மாணவியின் சொந்த வாழ்க்கையைக் கிளறும் இடமன்று. அவளுக்கு உளச்சிகிச்சை அளிப்பதும் அன்று. இந்த எல்லையைக் காக்கத் தெரியாதவர் இத்தகைய குழுவை நடத்தாமலிருப்பதே மேல்.

பாலிண்ட் உருவாக்கிய வேறு சில கருத்துகளும் இந்தக் காட்சிக்குள்ளேயே இருக்கின்றன. நோயாளியை வயிற்று நிபுணர் மகப்பேறு நிபுணரிடமும், அவர் நரம்பு நிபுணரிடமும் அனுப்பிக்கொண்டே இருக்க, முடிவுகள் எடுக்கப்படும், ஆனால் எந்த முடிவுக்கும் பொறுப்பாளர் என்று ஒருவர் இருக்க மாட்டார். இதைப் பெயரற்றோரின் கூட்டு என்று அவர் குறிப்பிட்டார். நம் ஊரில் ஒரு நோயாளியின் கோப்பிலிருக்கும் பரிந்துரைச் சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தாலே இது விளங்கிவிடும். இன்னொன்று, ஒவ்வொரு மருத்துவரிடமும் நோயாளி எப்படி நடந்துகொள்ள வேண்டும், எவ்வளவு வலியைப் பொறுக்க வேண்டும், எப்போது அழலாம் என்பது பற்றிய ஒரு மதம் போன்ற நம்பிக்கை இருக்கிறது என்பதும், தம்மிடம் வரும் எல்லோரையும் அவர் தமக்கே தெரியாமல் அந்த மதத்துக்கு மாற்ற முயல்கிறார் என்பதும். மாணவர்கள் இதைத் தங்கள் பேராசிரியர்களிடம் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். தங்களிடம் காண்பதற்குத்தான் குழு தேவைப்படுகிறது.

மாணவர்களின் நிலை மருத்துவர்களின் நிலையிலிருந்து வேறுபட்டது. குடும்ப மருத்துவருக்கு ஒரே நோயாளியுடன் பத்தாண்டுப் பழக்கம் இருக்கும். மாணவருக்கு ஒரு போஸ்டிங் அளவே, அதாவது ஒரு பிரிவில் பயிற்சிக்காக அவர் இருக்கும் சில வாரங்களே. அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை; ஆனால் நோயாளிக்கு அருகில் நிதானமாக அமர நேரம் இருப்பது பெரும்பாலும் அவருக்கு மட்டுமே. லண்டனின் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனை இந்த நேரத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டது. அங்கு 1958 முதல், விருப்பமுள்ள மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நோயாளியை வாரம் ஒருமுறை, பல மாதங்கள் முதல் ஓராண்டு வரை சந்தித்து உளச்சிகிச்சை அளிக்கவும், அதே வாரத்தில் அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் அதைக் குழுவாக விவாதிக்கவும் ஒரு திட்டம் நடந்தது. 1961இல் டாவிஸ்டாக்கிலிருந்து ஓய்வுபெற்ற பாலிண்டும் அதே மருத்துவமனைக்கு வந்து மாணவர் குழுக்களை நடத்தினார். இன்னும் தேர்ச்சி பெறாத ஒரு மாணவரிடம் நோயாளியை ஒப்படைப்பதா என்ற தயக்கம் இயல்பானது. ஒரே நோயாளியை ஓராண்டு தொடர்வது எப்படி இருக்கும் என்பதை அறியாமலே பட்டம் பெறுவதைப் பற்றி நமக்கு அதே அளவு தயக்கம் வருவதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

இதைத் தனிப்பட்ட ஆர்வலர்களின் கையில் விடாமல் சட்டமாக்கிய நாடு ஜெர்மனி. ஹைடல்பெர்க்கில் 1950இலேயே அலெக்சாண்டர் மிட்சர்லிஷ் உளவுடல் மருத்துவத்துக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியிருந்தார். உல்ம் நகரில் புதிதாக அமைந்த மருத்துவப் பள்ளியில் பணியாற்றிய டூரே ஃபான் உக்ஸ்குல், ஆன்மா இல்லாத உடல்களுக்கு ஒரு மருத்துவம், உடல் இல்லாத ஆன்மாக்களுக்கு இன்னொரு மருத்துவம் என்று பிரிந்து கிடப்பதைக் கடுமையாக விமர்சித்துவந்தார். 1970இல் மருத்துவர் உரிம விதிகள் திருத்தப்பட்டபோது, மருத்துவ உளவியல், மருத்துவச் சமூகவியல், உளவுடல் மருத்துவம் மூன்றும் கட்டாயப் பாடங்களாயின. பின்னர் 1992இல் உளவுடல் மருத்துவம் மனநல மருத்துவத்திலிருந்து வேறான ஒரு நிபுணத்துவப் பட்டமாகவும் ஏற்கப்பட்டது. மற்றத் துறை மருத்துவர்களுக்கு 80 மணி நேர அடிப்படைப் பயிற்சி ஒன்றும் அங்கே உண்டு: 20 மணி நேரம் பாடம், 30 மணி நேரம் உரையாடல் பயிற்சி, 30 மணி நேரம் பாலிண்ட் குழு. பாடத்துக்கு மிகக் குறைந்த பங்கு ஒதுக்கப்பட்டிருப்பதே இதில் படிக்க வேண்டிய செய்தி.

உரையாடல் பயிற்சி என்றால் இனிமையாகப் பேசக் கற்பது என்று பொருளில்லை. அதில் முதலில் கற்பது பேசாமலிருப்பது. 1984இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயாளி தன் தொல்லையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டார். தொடக்கத்தில் சொல்ல வந்ததை முழுமையாகச் சொல்லி முடித்தவர்கள் 23 சதவீதமே. குறுக்கிடாவிட்டால் பேசிக்கொண்டே இருப்பார்களே என்பது மருத்துவர்களின் அச்சம். சுவிட்சர்லாந்தின் பேசல் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் வுல்ஃப் லாங்கேவிட்ஸ் குழுவினர் இதையும் சோதித்தார்கள். மருத்துவர்கள் குறுக்கிடாமல் கேட்க, 335 நோயாளிகளும் தாமாகப் பேசி நிறுத்தும்வரை ரகசியமாக நேரம் குறிக்கப்பட்டது. சராசரி 92 நொடி. 78 சதவீதத்தினர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். பேசலில் கற்பிக்கப்படும் எளிய முறையும் இதையொட்டியதே: காத்திருத்தல், நோயாளியின் கடைசிச் சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லுதல், அவருடைய முகத்திலும் குரலிலும் தெரியும் உணர்ச்சியைச் சொல்லிக்காட்டுதல், கேட்டதைச் சுருக்கிச் சொல்லிச் சரிபார்த்தல். அந்த வார்டுப் பெண் “அக்காவுக்கும் இப்படித்தான்” என்றபோது, “அக்காவுக்கா?” என்று ஒரு சொல் திருப்பிக் கேட்டிருந்தால் போதும்.

அடுத்தது விளக்கம் சொல்லும் திறன். ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்பது விளக்கமாகாது. வலியை அனுபவிப்பவரிடம் அப்படிச் சொன்னால் ‘நீங்கள் பொய் சொல்கிறீர்கள்’ என்றே அவர் காதில் விழும். ‘எல்லாம் மனசுதான்’ என்பதும் அதற்குக் குறைந்ததில்லை. மாறாக, “உங்கள் வலி உண்மையானது. குடலில் புண்ணோ கட்டியோ இல்லை என்பதைப் பார்த்துவிட்டோம். ஆனால் குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் நரம்புகள் அளவுக்கு மீறி விழிப்பாகிவிட்டன. வழக்கமான அசைவுகூட வலியாகத் தெரிகிறது. தூக்கம் கெட்டாலும் பயம் இருந்தாலும் இது கூடும். என்னென்ன கூட்டுகிறது, என்னென்ன குறைக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம், இரண்டு வாரம் கழித்து என்னிடமே வாருங்கள்” என்று சொல்லக் கற்பிக்கலாம். கடைசி வாக்கியம் மற்றவற்றைவிட முக்கியம் என்று நான் கருதுகிறேன். பரிசோதனைகள் நார்மலானதும் மருத்துவர் தன்னைக் கைவிட்டுவிடுவார் என்பதை நோயாளி அனுபவத்தில் அறிந்திருக்கிறார். புதுப்புது அறிகுறிகளோடு அவர் திரும்பி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தத் திறன்களைத் தேர்வில் சோதிக்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. நோயாளியாக நடிப்பவரை வைத்துப் பயிற்சியளிக்கும் முறையை 1960களில் ஹோவர்ட் பாரோஸ் அமெரிக்காவில் தொடங்கினார். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் விவரித்த ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வில், அதாவது மாணவர் ஒவ்வொரு மேசையாகச் சென்று ஒவ்வொரு திறனையும் செய்துகாட்டி மதிப்பெண் பெறும் முறையில், அது இடம்பெற்றது. இரண்டும் பயனுள்ளவை. ஆனால் பரிவுக்கு ஒரு மதிப்பெண் என்று தாளில் இருந்தால், “உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது” என்ற வாக்கியத்தை ஐந்தாம் நொடியில் ஒப்பித்துவிட்டு மாணவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். 2009இல் அமெரிக்காவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் முகம்மதுரெசா ஹோஜத் குழுவினர் செய்த ஆய்வு, மாணவர்களின் பரிவு மதிப்பெண் மூன்றாம் ஆண்டில், அதாவது அவர்கள் நோயாளிகளிடம் அதிகம் பழகத் தொடங்கும் ஆண்டில், குறைந்ததாகக் காட்டியது. வாக்கியங்களைக் கற்றுக்கொடுப்பது அதைத் தடுத்துவிடாது. பாலிண்ட் குழுக்கள் தடுக்குமா என்பதற்கும் வலுவான பெரிய ஆய்வுகள் இல்லை. கிடைப்பவை பெரும்பாலும் சிறியவை, பங்கேற்றவர்களின் சொந்தக் கருத்தைச் சார்ந்தவை. என்றாலும் மாணவர் கண்ட, கேட்ட, செய்யத் தவறியவற்றைப் பேச வேறொரு இடம் கல்லூரியில் இல்லை என்பதும் உண்மை.

இந்தியாவில் 2019இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து நடைமுறைக்கு வந்த புதிய எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில், மனப்பான்மை, அறநெறி, தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கான ‘ஏட்காம்’ என்ற பகுதி முதலாண்டு முதலே சேர்க்கப்பட்டிருக்கிறது. இது நல்ல தொடக்கம்தான். ஆனால் உளவுடல் கோளாறுகள் மனநல மருத்துவத்தின்கீழ் ஒரு தலைப்பாகவே நிற்கின்றன. அந்த நோயாளிகளோ பொது மருத்துவம், மகப்பேறு, எலும்பு மருத்துவம் ஆகியவற்றின் ஓபிக்களில் வரிசையில் நிற்கிறார்கள். நூறு நோயாளிகளைப் பார்த்து முடிக்க வேண்டிய காலைப் பொழுதில் 92 நொடி கேட்பதே ஆடம்பரம் என்று ஹவுஸ் சர்ஜன்கள் சொல்வார்கள். அது சாக்குப்போக்கு இல்லை. ஆகவே ஓபியில் தொடங்குவதைவிட வார்டில் தொடங்குவது எளிது. போஸ்டிங்கின்போது ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நோயாளியைக் கொடுத்து, அவர் வீடு திரும்பும்வரை தினமும் பதினைந்து நிமிடம் அமர்ந்து பேசச் சொல்லலாம்; வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரக் குழுவில் அதைப் பேசலாம். நடத்துநர்கள் இருவர் இருப்பது நல்லது: ஒருவர் வார்டு வேலை தெரிந்த மருத்துவர், மற்றவர் மனநல மருத்துவர் அல்லது உளவியலாளர். இருவரும் அந்த மாணவர்களுக்குத் தேர்வாளராக இருக்கக் கூடாது. மதிப்பெண் போடுபவர் முன்னால் எந்த மாணவரும் ‘எனக்கு அந்த நோயாளியைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது’ என்று சொல்ல மாட்டார்.